கோப்பைக்குக் கொடுத்த முடி

கடல் தாண்டி நடந்த ஒரு பந்தாட்டத்துக்காக எனக்கு மொட்டை போட்டார்கள் என்றால் இன்றும் யாரும் நம்புவதில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, சவூதியில் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டியவர். ஆட்குறைப்பில் திரும்பி வந்து, மாத்தளைப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் ரேடியோவும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். அந்த முதலாளி உயிரை விடும் அணி ஆசிய சாம்பியனாகி, ஆப்பிரிக்க சாம்பியனோடு மோத இருந்தது. இரண்டு ஆட்டங்கள், முதலாவது ஆப்பிரிக்காவில், அடுத்தது சவூதியில். கோப்பை வந்தால் முடி தருவதாக மாமா மாத்தளை அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அவர் முடியை அல்ல. அவர் தலையில் நேர்ந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை. என் முடியை!

எனக்கு ஒன்பது வயது, இடுப்பைத் தொடும் சடை. அம்மா கொதித்துப்போனாள்.

"எம் புள்ள முடிய என்னைய கேக்காம நேந்துக்கிட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல ஒனக்கு?"

ஆனால் அம்மனிடம் சொன்ன சொல்லை மீற அவளுக்கும் பயம். நான் ரகசியமாக அதே அம்மனிடம் ஆப்பிரிக்காவுக்காக வேண்டிக்கொண்டேன். முதல் ஆட்டத்தில் மாமாவின் அணி இரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்றது. சடை தப்பியது என்று துள்ளினேன். மாமா அசையவில்லை.

"அது சும்மா. கடைசி ஆட்டந்தான் கணக்கு."

எங்கள் தோட்டத்தில் மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் மோதினால் அதுதான் சட்டம். கடைசியாக ஜெயித்தவனுக்குக் கோப்பை.

இரண்டாவது ஆட்டத்தை ரேடியோ அரபியில் கத்தியது. ஒன்றுக்குப் பூச்சியம், மாமாவின் அணி ஜெயித்தது. ஜெயித்தும் ஏன் மைதானத்தில் ஒரு ஆரவாரத்தையும் காணோம் என்று அப்பா கேட்டார். பேட்டரி இறங்கிவிட்டது என்றார் மாமா.

வெள்ளிக்கிழமை கோயிலில், வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்காரவைத்து என்னை மழித்தார்கள். மடியில் விழுந்த சடையைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். மாமா சட்டைப்பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து அம்மன் முன் வைத்து, குங்குமம் தொட்டு, மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் மாமா பத்திரிகை வாங்கி என்னிடமே வாசிக்கக் கொடுத்தார். விளையாட்டுப் பக்கத்தை வாசித்தேன். இரண்டு ஆட்டத்து கோல்களையும் கூட்டித்தான் முடிவாம். இரண்டுக்கு ஒன்று.

"மாமா, கப்பு அவங்களுக்காம்!"

பத்திரிகையைப் பிடுங்கி வாசித்தார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நானுந்தான் வேண்டிக்கிட்டேன், அவங்க ஜெயிக்கணும்னு. நான் கேட்டதத்தான் அம்மன் குடுத்திருக்கு! அப்பறம் எதுக்கு எனக்கு மொட்ட?"

மாமா என்னையே பார்த்தார். பத்திரிகையை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

கோப்பை வந்தால் திரும்பக் கூப்பிடுவதாக முதலாளி சொல்லி அனுப்பியிருந்ததை மாமா அன்று யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. நான் கலியாணமாகிப் போன பிறகுதான் அம்மா சொல்லிக் கேள்விப்பட்டேன். மாமா அதற்குப் பிறகு வெளிநாடு போகவே இல்லை.

அன்று அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வெயில் சுடும் என்று தன் லேஞ்சிக் கைக்குட்டையை விரித்து, சந்தனம் காயாத என் தலையில் கட்டிவிட்டார். போட்ட முடிச்சை அவிழ்த்து அவிழ்த்து மறுபடி கட்டினார். என் சடையை நினைத்துத்தான் வருத்தப்படுகிறார் என்று நினைத்து, "பரவால்ல மாமா, வளந்துரும்" என்றேன்.