குலவைக்கு எழுந்து போனவர்

எங்கள் தெருவுக்கென்று ஒரு வரலாற்று மன்றம் உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைவர், நான் செயலாளர். திருவிடைமருதூர்ப் பக்கத்தில் கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்த தெருக்களில் எங்களுடையதும் ஒன்று. போன வருஷம் சம்பா அறுவடை முடிந்த கையோடு அந்தப் போராட்டத்தை விழாவாகக் கொண்டாட முடிவு செய்தோம். நான் பதவி ஏற்றதே ஒரு காரணத்துக்காகத்தான். அன்று கொடி பிடித்தவர்களில் மிஞ்சியிருப்பவர் என் அப்பா ஒருவர். அவர் தோளில் ஒரு பொன்னாடை விழுவதை நான் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. "தெருவே சேந்துல்ல போனோம், எனக்கு மட்டும் எதுக்கு?" என்றார். அம்மாதான் சலவை வேட்டியை எடுத்து நீட்டி, "பேசாம போய் உக்காருங்க, பொண்ணு ஆசைப்படுது" என்று கிளப்பினாள்.

வினையை இழுத்துவிட்டவர் தலைவர். விருந்தினரைக் குலவையிட்டு வரவேற்போம், அது மண்ணின் மரபு என்றார். தெருவில் குலவை என்றால் அம்மாதான். நடவு வயலில் அவள் நாக்கைச் சுழற்றினால் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

"எங்க தெருவுல போலீஸ் ஜீப் வந்தாத்தாங்க குலவை போடுவோம். ஆம்பளைங்க ஓடி ஒளியறதுக்கு" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

"அதெல்லாம் அந்தக் காலம்மா" என்று அவர் சிரித்துவிட்டார். விழா எடுப்பதே அந்தக் காலத்துக்குத்தான் என்பது மனிதருக்கு மறந்துபோயிற்று.

விருந்தினர் வந்ததும் ஒரு ஜீப்பில்தான். அது பந்தல் வாசலில் நிற்க, அம்மா குலவையிட்டாள். இத்தனை வயதிலும் அந்தக் குரல் அசரவில்லை, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். பெருமையாக மேடைப் பக்கம் திரும்பினேன். அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

பந்தலுக்குப் பின்னால் வாய்க்கால். கரையோர நாணல் மறைவில், வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"என்னப்பா இது? பொன்னாடையோட நிக்கிறாங்க, வாங்க."

"காதுல விழுந்துச்சு, கால் கெளம்பிடுச்சு" என்றார். அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஓடின காலும் அப்படித்தான் போலிருக்கிறது.

"சரி, எந்திரிங்க."

"உங்கம்மா வரட்டும். ஜீப் போனதும் அவ வந்து கூப்பிடுவா. அவ கூப்பிடறதுக்கு முந்தி எந்திரிச்சவங்கதான் அன்னிக்கு மாட்டிக்கிட்டாங்க." சிரிக்காமல் சொன்னார்.

வேறு வழியில்லாமல் அம்மாவை அழைத்து வந்தேன். ஒலிபெருக்கியில் விருந்தினர், அச்சம் என்பதையே அறியாத போராளிகளைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். அம்மா கூப்பிடுவாள் என்று பார்த்தால், அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இருவரையும் அப்படிப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"போயிட்டாங்களா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

அம்மா பந்தல் பக்கம் காது கொடுத்தாள். "இல்லங்க. இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க."

"அப்ப இரு" என்றவர், என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ ஏன் நிக்கிற? தலையத் தாழ்த்திக்கிட்டு உக்காரு."

உட்கார்ந்தேன்.