இரண்டு சென்டிமீட்டர் குட்டை

கூரியர் டிப்போவில் ஓடும் அறுபது சைக்கிள்களும் மெக்கானிக்குக்கு அத்துப்படி. வண்டி வாசலில் நுழையும்போதே, சத்தத்தை வைத்து எந்த பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, அதில் ஒரு வண்டியைப் பதினோரு வருஷமாக ஓட்டும் சொந்தப் பெண்டாட்டியின் முட்டி ஏன் வீங்குகிறது என்று தெரியாமல் போனதுதான் கொடுமை.

அவள் குள்ளம். டிப்போவில் அவளுக்குப் பெயரே அரைப்படிதான். சேர்ந்த அன்று தரையில் கால் எட்டவில்லை என்றாள். உடனே சீட்டை இறக்கிக் கொடுத்தார். பிறகு வலி என்றாள், இன்னும் இறக்கினார். என்ன ஒரு கரிசனம்!

இந்தத் தடவை டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இப்படியே மடக்கி மடக்கி மிதிச்சா, ஒரு வருஷத்துல மாடிப்படிகூட ஏற முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார்.

மெக்கானிக் அவளை வண்டியில் ஏற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னால் சுற்றச் சொன்னார். தானும் தரையில் உட்கார்ந்து பார்த்தார். பெடல் மேலே வந்தால் முட்டி வயிற்றை இடித்தது. சீட்டை ஏற்றினால் கீழே கால் எட்டாமல் இடுப்பு ஆடியது. குற்றம் சீட்டில் இல்லை, பெடலைத் தாங்கும் கிராங்கில். அது நெட்டைக் காலுக்குச் செய்தது. சீட்டை இறக்கி இறக்கி முட்டியை இன்னும் மடக்கவைத்தது தான்தான் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

ஒரு பழைய சிறுவர் சைக்கிளிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் குட்டையான கிராங்கைக் கழற்றி மாட்டினார். சீட்டையும் அதே இரண்டு சென்டிமீட்டர் ஏற்றினார். மேலே முட்டிக்கு நாலு சென்டிமீட்டர் இடம் கிடைத்தது. மேட்டில் சற்று அழுத்தி மிதிக்க வேண்டும், நின்றால் நுனிக்கால்தான் தரையில் படும், அவ்வளவுதான்.

"ஏங்க, முட்டின்னு ஒண்ணு இருக்கிறதே இன்னைக்கு ஞாபகம் வரலங்க" என்றாள் அன்று சாயங்காலம். ஒன்பது நாள் அப்படியே ஓடியது. அவள் வாய் சும்மா இருக்குமா? பத்தாம் நாள் காலை, ஐந்து குள்ளப் பெண்கள் வண்டியோடு பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். பின்னாலேயே சூப்பர்வைசரும் வந்தார்.

"கம்பெனி வண்டியில வேற பாகம் மாட்ட உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? நாளைக்கு யாராவது விழுந்தா நான்தான பதில் சொல்லணும்?"

"குட்டை கிராங்க் வரவழைக்கலாமே சார்?"

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் வரும்."

"அவ முட்டி போயிடும் சார்."

"அப்ப முட்டி வலின்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. ஓட்ட முடியாதுன்னா வேலைய விட்டு எடுத்துடுவாங்க. பரவாயில்லையா?"

மெக்கானிக் அந்தப் பெண்களோடு நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் பதறிப்போய் வேண்டாம் என்று தலையாட்டினாள். இந்த வேலையை விட்டால் இந்த வயதில் அவளை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

பழைய கிராங்கை மெக்கானிக் தன் கையாலேயே மாட்டினார். கண் கலங்கியதில் நட்டு இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. அவள் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். கீழே போன பெடல் காலுக்கு எட்டவில்லை.

"சீட்டைக் கொஞ்சம் இறக்கிடுங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பதினோரு வருஷமாகத் தெரியாமல் செய்ததை, ஸ்பேனரை எடுத்து, தெரிந்தே செய்தார்.