சரசுவின் போர்டும் ஒரு பொன்னாடையும்

இன்று காலை பசியாறிக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. ரோஜா மாலை, அதற்கு மேல் ஜரிகைப் பொன்னாடை, அதற்கும் மேல் எனக்குத் தெரிந்த ஒரு முகம். முடி மட்டும் முன்பைவிடக் கறுத்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில் 'இணையவழிப் பயிற்சியின் தந்தை' என்று போட்டிருந்தார்கள். தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். தந்தையாம். பெற்றது யார் என்று எனக்கல்லவா தெரியும்.

புதுப் பொன்னாடைக்கு ஒரு வாசம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பிளாஸ்டிக் பையும் கஞ்சியும் கலந்த கடை வாசம். விசேஷ வீட்டில் யாராவது அதைப் பிரித்தால் நான் மெல்ல நகர்ந்து வாசல் பக்கம் போய்விடுவேன். என் மனைவி இதை அலர்ஜி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அலர்ஜிதான், ஆனால் மூக்கில் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கிராணி, சரக்குக் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. கிள்ளானில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். யாரோ கழித்துக்கட்டிய கணினி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, புரோகிராமர் ஆகப்போகிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அத்தனை பேரிடம் சொன்ன பிறகு ஆகாமல் இருப்பது எப்படி?

இணையம் எங்கள் வீடுகளுக்குள் வந்திராத காலம் அது. ஆனால் மோடம் இருந்தால் தொலைபேசி வழியாக இன்னொருவர் வீட்டுக் கணினிக்குள் நுழைந்து, அவர் வைத்திருப்பதைப் படிக்கலாம், கடிதம் போடலாம். அதற்கு 'போர்டு' என்று பெயர். ஒரே லைன், ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான். கணினிக் கடைச் சுவரில் யாரோ ஒட்டியிருந்த எண்ணைப் போட்டுத்தான் நான் சரஸ்வதியின் போர்டுக்குள் போனேன். என் வயதுதான் அவளுக்கும். பகலில் வங்கிக் கவுண்டர், மற்ற நேரமெல்லாம் இந்த வேலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பா அம்மாவோடு இருந்தாள்.

சி என்ற கணினி மொழியை அவள் பாடம் பாடமாக எழுதி ஏற்றுவாள். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடித்திருப்பாள். பயிற்சியை நாம் அனுப்பினால் அவள் எழுதிய புரோகிராமே திருத்தும். திருத்துவதோடு விடாது, 'அண்ணே, அரைப்புள்ளி எங்க?' என்று கேட்கும். நாங்கள் பத்துப் பதினைந்து பேர், முகம் தெரியாமலே ஒருவர் கணக்கை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்குப் பாடம் பாதியில் இருக்கும்போது வீட்டுக்கார ஆன்டி ஹாலில் போனை எடுத்துவிடுவார். கீச்சென்ற சத்தம் கேட்டதும், "பிசாசு கத்துது லா" என்று வைத்துவிடுவார். லைன் அறுந்துவிடும். முதலிலிருந்து போட வேண்டும்.

நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது? ஆனால் நம் ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்தால் சங்கம் வேண்டும். சங்கம் என்றால் மண்டபம் வேண்டும், மண்டபம் என்றால் அதைக் கேட்டு வாங்க ஒரு பெரிய மனுஷன் வேண்டும். அப்படி வந்து சேர்ந்தவர்தான் படத்தில் இருப்பவர். அவருக்குக் கணினி தெரியாது, மண்டபம் தெரியும். தலைவராகி உட்கார்ந்ததும் கணினி என்பதா கணிப்பொறி என்பதா என்று கூட்டம் கூட்டமாக விவாதம் நடத்தினார். அத்தனை கூட்டத்திலும் மோடம் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

சங்கத்தின் தொடக்க விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. சரசுவுக்கு அது விழா இல்லை, நேர்முகத் தேர்வு. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சீன மேலாளர் அவள் போர்டுக்குள் வந்து பார்த்திருக்கிறார். பயிற்சிப் பிரிவில் ஓர் இடம் காலி, திருத்துகிற புரோகிராமை எப்படிக் கட்டினாய் என்று நேரில் காட்டு என்று சொல்லியிருந்தார். அன்று மதியம் அவருக்குப் பினாங்கு விமானம். சரசுவின் அப்பா ஓய்வு பெறும் நேரம், குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வங்கிச் சம்பளத்தில் வாடகை கட்டுப்படியாகாது. இந்த வேலை கிடைத்தால் கோலாலம்பூரிலேயே வாடகை வீடு, போர்டும் பிழைக்கும். கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு சிரம்பானில் அண்ணன் வீடு. எங்கள் எல்லாருக்கும் இது தெரியும். தலைவருக்கும் தெரியும்.

மேடையோரம் மேசை போட்டு, மண்டபத்துப் போனில் வயரை இழுத்துச் சொருகி, தன் வீட்டுக் கணினியை லைனில் பிடித்து வைத்துவிட்டாள். மேலாளரும் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் தலைமை விருந்தினராக வந்த டத்தோ பட்டக்காரர், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நண்பரையும் அழைத்து வந்தார். ஒரு பொன்னாடை குறைந்தது.

மாலை மட்டும் போட்டுவிடலாமே என்றார் செயலாளர். தலைவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், யாரோ செத்துப்போனதுபோல ஆகிவிட்டது. பக்கத்துக் கடையில் வாங்கலாம் என்றால் அதுவும் ஆகாது, மற்றவர்களுக்குப் போடும் அதே தரம் வேண்டும், அது மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில்தான் இருக்கிறது. சுற்றிப் பார்த்துவிட்டு நேராக மேசைக்கு வந்தார்.

"சரசு, நீ போயிட்டு வந்துரும்மா. பொம்பளப் பிள்ளைக்குத்தான் துணி தெரியும்."

"அங்கிள், அந்த மேனேஜர் எனக்காகத்தான் வந்திருக்காரு."

"அவரு எங்க போயிடப் போறாரு? நீ வந்தவொடன உன் ஐட்டம்தான் லா."

டாக்சியைக்கூடக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு மைக்கைப் பிடித்தவர்கள் விடவில்லை. ஒவ்வொருவரும் மேடையில் இருந்த அத்தனை பேரையும் பட்டம் பதவியோடு விளித்து முடிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றியது. மேலாளர் எழுந்து மேசைக்கு வந்தார். தெரிந்ததைக் காட்டினேன். பிழையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டார். நானே பாதிப் பாடத்தில் இருந்தவன், என்னத்தைச் சொல்ல? அந்தப் பெண் எங்கே என்றார். பொன்னாடை வாங்கப் போயிருக்கிறாள் என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், நாக்கு கூசும். வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார், கடைசியில் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். போன கையோடு செயற்குழு ஆள் ஒருவர் குனிந்து, "அந்த மிஷின் சத்தத்த நிறுத்துங்க, பேசிக்கிட்டிருக்காங்கல்ல" என்றார்.

சரசு வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தாள். வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டு மேடைக்கு ஓடினார்கள். கைதட்டல் கேட்டது. அவள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேரமின்மையால் செயல்முறை விளக்கம் இடம்பெறாது, அனைவரும் சாப்பிட வாருங்கள் என்று மைக்கில் அறிவித்தார்கள்.

"ரொம்ப நேரம் காத்திருந்தாரா?" என்று மட்டும் கேட்டாள். வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். மிஷின் சத்தத்தை நிறுத்தச் சொன்ன ஆள் எனக்குப் பக்கத்தில் நின்று பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்தார். மறுவாரம் அவள் அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டாள். இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

அவள் போட்ட அஸ்திவாரத்தில்தான் ஓரிரு வருடத்தில் எனக்கு வேலை கிடைத்தது, இன்றுவரை சோறு போடுகிறது. குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டடங்கள். பாடங்கள் இருந்த கணினியை வீடு மாற்றும்போது அவள் அப்பா பழைய இரும்பு லோரியில் ஏற்றிவிட்டார். யாரிடமும் ஒரு நகல் இல்லை. தந்தை மட்டும் இருக்கிறார், மாலையோடு.

அடுத்த பாடம் கோப்புகளைப் பற்றி என்று சொல்லியிருந்தாள். அவள் சிரம்பானுக்குப் போய்விட்டாள் என்று தெரிந்தும் அப்போது ஒரு சாயங்காலம் பழைய எண்ணுக்கே போட்டேன். மோடத்தின் சின்ன ஸ்பீக்கரில், இந்த எண் சேவையில் இல்லை என்று மலாயில் ஒரு பெண்ணின் பதிவுக் குரல். மோடத்துக்கு மனிதக் குரல் புரியாது. வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் தானாகவே மறுபடி போட்டது. அந்தப் பெண்ணும் மறுபடி சொன்னாள். நான் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.