கோஜி அறையும் தயிர் விலக்கும்

சாக்கே தொழிலில் அரிசியை விட அதைக் கிளறுகிறவனின் வாய்க்குத்தான் கட்டுப்பாடு அதிகம்.

சாக்கே என்பது யப்பான்காரர் சோற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் மது. கனடாவின் மொன்ட்ரியால்-நோரில், பழைய தளபாடக் கடையொன்றின் பின்பக்கத்தில் கெஞ்சி என்பவர் அதைச் செய்தார். யப்பானின் ஒரு மலைக் கிராமத்தில் அவருடைய குடும்பத்துக்கு அதுதான் பரம்பரைத் தொழில். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் நானும் மட்டக்களப்புத் தங்கராசா அண்ணையும் அவரிடம் அரிசி கழுவி அவித்தோம். ஊரிலிருந்து கெஞ்சியின் தமையன் வந்து, எங்கள் வேலையைப் பார்த்துச் சம்மதித்தால்தான் போத்தலில் குடும்பப் பெயர் போடலாம். பெயர் இல்லாவிட்டால் உணவகங்கள் வாங்க மாட்டா, எங்களுக்கும் வேலை இல்லை. வேலைக்காக வாயைக் கட்டியவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

விரதம்

அவித்த அரிசியைச் சூடான அறையில் பரப்பி, ஒரு நல்ல பூஞ்சணத்தைத் தூவி வளர்ப்பார்கள். அதுதான் கோஜி. வேறு புளித்த சாப்பாட்டின் கிருமி கையோடு உள்ளே போனால் எல்லாம் நாசம். ஆகவே அந்தப் பருவம் முடியும்வரை எங்களுக்குத் தயிர் இல்லை, தோசை இல்லை. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் தோசை சுட்டுச் சாப்பிட, நான் குற்றவாளி மாதிரி மூலையில் இருந்து பேக்கரிப் பாண் தின்றேன். எருமைத் தயிரில் வளர்ந்த அண்ணையின் பாடு இன்னும் மோசம். ஒரு நாள் பெருமூச்சோடு சொன்னார்: "தயிர் இல்லாமச் சோறு தின்னுறதும் ஒரு சீவியமா மனே?"

கனவான்

எங்கள் ஆட்களையும் சும்மா விடக் கூடாது. நகரின் மறுகோடி நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து ஒரு கனவான், எனக்குத் தூரத்து உறவு, என்னைத் திருத்தவென்றே பஸ் ஏறி வந்தார். நல்ல குடும்பத்துப் பிள்ளை கனடாவுக்கு வந்தும் சாராயத் தவறணை வேலையா என்று அரை மணி நேரம் மானம் மரியாதை பற்றிக் கதைத்தார். போகும்போது கதவடியில் நின்று குரலைத் தாழ்த்தினார்: "மிச்சம் மீதி கிடந்தால் ஒரு அரைப் போத்தல் தாருமன், சளிக்கு நல்லதாம்."

செர்ஜின் யப்பான்

செர்ஜ் கெஞ்சியின் பிரெஞ்சுக் கனடிய மனைவியின் தம்பி, முதல் போட்டவன். எப்போதோ தோக்கியோவுக்குச் சுற்றுலா போய் வந்தவன், அன்றிலிருந்து எங்களைக் கண்டாலும் குனிந்து வணங்குவான். அந்த வணக்கத்தைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கெஞ்சி தமையனைக் கூட்டிவர விமான நிலையம் போன நேரம் பார்த்து, இவன் உணவகக்காரர் சிலரை அழைத்து வந்தான். உண்மையான யப்பானைக் காட்டுகிறானாம். நட்டோ வாங்கி வந்திருந்தான். புளித்த சோயா அவரை, நூல் நூலாக இழுபடும். கோஜிக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. எல்லோருக்கும் ஊட்டிவிட்டு, அதே கையோடு சூடான அரிசியை அளைந்து பார்க்கச் சொன்னான். அண்ணை வாசலில் குறுக்கே நின்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் தடுத்தார். செர்ஜ் அவரை ஒதுக்கி எல்லோரையும் உள்ளே விட்டு, தோளில் தட்டிச் சொன்னான்: "இது யப்பான் கலாசாரம், உங்களுக்கு விளங்காது."

தமையன்

கெஞ்சியோடு வந்த தமையன் சப்பாத்தைக் கழற்றினார், மேசையில் கிடந்த நட்டோப் பெட்டிகளையும் திறந்து கிடந்த கோஜி அறையையும் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கெஞ்சி மூலம் கேட்டார். பாண் என்றோம். எங்கள் இருவருக்கும் ஆழமாகக் குனிந்தார். செர்ஜை ஏறிட்டும் பார்க்கவில்லை. தம்பி கெஞ்சியிடம், போத்தலுக்கு வேறு பெயர் தேடிக்கொள் என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தை மாட்டினார்.

அறையிலிருந்த அரிசி முழுவதையும் குப்பைப் பைகளில் அள்ளினோம். கெஞ்சி அழுதார். எனக்கும் அழுகைதான் வந்தது, ஆனால் ஆத்திரம் முந்திக்கொண்டது. செர்ஜ் மட்டும் கைபேசியைத் தட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னான்: "அரிசிதானே, நாளைக்கு வேறு மூட்டை வாங்கினால் போயிற்று."

ஒரு நாட்டின் மேல் காதல் கொண்டவனை அந்த நாட்டுக்காரனின் அடுப்படிக்குள் விடவே கூடாது என்று நான் அந்தத் தொழிலில் கற்றபோது, எனக்கு அந்தத் தொழில் இருக்கவில்லை.