ஏரிக்கரையில் ஐந்து மெழுகுவத்தி

சவுரியம்மாளுக்கு ஓரிடத்தில் நிலையாக உட்கார வராது. அறுபத்தேழு வயதிலும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் களை வெட்டும்போது உடன் வந்தவர்களை முந்திக்கொண்டு போய் வரப்பில் நிற்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளைக் கட்டிக்கொண்ட மனிதர் சாகும்வரை சலித்துக்கொண்டார்.

நவம்பர் இரண்டாம் தேதி நெருங்கினால் தூக்கமும் போய்விடும். அன்று கல்லறைத் திருநாள். ஓமந்தூர்ப் பக்கத்திலிருக்கும் அவள் ஊரில் எல்லாக் கல்லறைக்கும் வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அவள் அப்பா இருதயராஜின் கல்லறை மட்டும் இருண்டு கிடக்கும். சவுரியம்மாள் ஏரிக்கரைக்குப் போய் ஐந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீடு திரும்புவாள். பெற்ற அப்பனுக்கு ஒரு வத்திக்கு வக்கில்லையா என்று கேட்டவர்கள் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

இருதயராஜ் கேட்டுக்கொண்டது அப்படி. யுத்த காலத்தில் ஒரு அடைமழை நாள். பதினெட்டு வயதில் கேப்பைக் கொல்லைக்குக் காவலிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம் தடுமாறிக்கொண்டு வந்து, நிறைந்து கிடந்த ஏரியில் விழுந்தது. மழைக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது. ஜப்பான்காரன் இறங்கப்போகிறான் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. கரைவரை ஓடிப்போனவர், ஜப்பான்காரன்தான் என்று எண்ணித் திரும்பி வந்து வரப்போரம் குப்புறப் படுத்துக்கொண்டார். விசில் வெகுநேரம் கேட்டு, பிறகு நின்றுபோனது.

மறுநாள் பட்டாளத்தார் வந்தார்கள். கித்தானில் சுற்றிய ஐந்து மூட்டைகளை லாரியில் ஏற்றியதை இருதயராஜ் தூரத்திலிருந்து எண்ணினார். வந்தது வெள்ளைக்காரப் பட்டாளம், தங்கள் விமானத்தைத் தேடித்தான். அப்படியானால் விழுந்ததும் ஜப்பான்காரன் இல்லை. அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும். போயிருந்தால் இரண்டு பேராவது பிழைத்திருப்பார்கள் என்று ஐம்பது வருஷம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். "எனக்கு வத்தி ஏத்தாத. அந்த அஞ்சி பேருக்கு ஏத்து" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

இந்த வருஷம் அக்டோபர் கடைசியில், விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி மகள் இசைவாணி போன் பண்ணினாள். பழைய விமானங்களின் கதையைத் தேடிச் சேர்க்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அவள் எழுதிக் கேட்டிருந்தாள். பதில் வந்துவிட்டது.

"அத்தை, அந்த ஏரோப்ளேன்ல வந்தவங்க யாருமே சாவல. அஞ்சி பேரும் பொழைச்சிக்கினாங்க."

"எவனோ போன்ல எழுதினா நம்பிடுவியா நீ?" என்று சவுரியம்மாள் சீறினாள். சீறிய கையோடு பஸ் ஏறிவிட்டாள். விக்கிரவாண்டியில் வண்டி நின்றதும் எழுந்தவள்தான், கண்டக்டர் எவ்வளவு திட்டியும் விழுப்புரம் வரை உட்காரவில்லை.

கடையில் இசைவாணி நாற்காலி போட்டாள். அத்தை அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப லாரியில ஏத்தினது இன்னா?"

"நனைஞ்ச பாராசூட்டு அத்தை. ஆளுக்கு ஒண்ணு. விமானி எழுதிக் குடுத்த ரிப்போர்ட்லயே இருக்குது. அக்கரைக்கு நீந்திப் போயி ஏறிட்டாங்க. ஒருத்தருக்குக் கால் சுளுக்கு, அவ்ளோதான்."

"உயிரோட இருந்தவனுக்கா இத்தினி வருசம் வத்தி ஏத்தினோம்?"

"இந்நேரம் வயசாயிப் போய்ச் சேர்ந்திருப்பாங்க. வீணாப் போவாது."

சவுரியம்மாள் சிரிக்கவில்லை. "விசிலப் பத்தி எழுதியிருக்கானா?"

இசைவாணி தயங்கினாள். அந்த வரியை மறைத்துவிடலாம் என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அத்தையின் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை. வாசித்தாள்.

"விசில் ஊதினோம். எதிர்க்கரையில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. அவர் வரவில்லை. விடிந்ததும் நடக்க ஆரம்பித்தோம்."

சவுரியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அத்தை உட்கார்ந்ததைப் பார்த்து இசைவாணிக்குப் பயமாகிவிட்டது.

"திட்டி எழுதியிருக்கானா?"

"இல்ல அத்தை. அடுத்த வரியில, திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போயி டீ குடிச்சோம், ரயில் ஏறினோம்னு இருக்குது."

"இன்னொரு வாட்டி படி."

இசைவாணி மூன்று தடவை படித்தாள்.

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் சவுரியம்மாள் ஏரிக்கரைக்குப் போகவில்லை. வழக்கம்போல வாங்கிய ஐந்து மெழுகுவத்தியையும் அப்பாவின் கல்லறையில் வரிசையாக நட்டாள். காற்று விடவில்லை. சேலைத்தலைப்பால் மறைத்து மறைத்து, நாலாவது தீக்குச்சியில்தான் பிடித்தது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். இவள் அவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அவங்க உன்னப் பாத்தாங்களாம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியையும் சொன்னாள். "நடந்தே போய்ட்டாங்களாம்பா. டீ குடிச்சிட்டு ரயில் ஏறிட்டாங்களாம்."

ஐந்தும் எரிந்து தீரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.