எனக்குக் கொடுத்த தனி அறை

ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழா என்றால் தம்பி வீட்டில் கூட்டம் தாங்காது. தேர்பவனி முடிந்து சாப்பாடும் ஆனபிறகு ஆண்கள் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். பெண்கள் ஹாலில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பார்கள். எனக்கு மட்டும் தனி அறை. கட்டில், மெத்தை, துவைத்த விரிப்பு, தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர். "அண்ணி, நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்று சொல்லித் தம்பி மனைவி கதவைச் சாத்திவிட்டுப் போவாள். இருபது வருடமாக இதுதான் வழக்கம்.

மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். வேறு எப்படி நினைப்பது? கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாமல் வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்க வைத்தவள் நான். கணக்கு டீச்சர் வேறு. கதவுக்கு அந்தப் பக்கம் விளக்கை அணைத்த பிறகுதான் அவர்களுக்குப் பேச்சே ஆரம்பிக்கும். குசுகுசுவென்று ஏதோ சொல்வார்கள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், இன்னொருத்தி "சும்மா இருடீ" என்பாள். எழுந்து போய் நடுவில் ஒரு பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொரு வருடமும் தோன்றும். கௌரவம் விடாது. அப்படியே படுத்துக் கிடப்பேன், எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் பகலிலும் தூக்கம் வர ஆரம்பித்தது. எனக்கு வீடு கீரனூரில், பள்ளிக்கூடம் திருச்சியில். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவ்வளவுதான். "டீச்சரம்மா, எந்திரிங்க, புதுக்கோட்டை வந்துருச்சு" என்று கண்டக்டர் எழுப்புவார். இறங்கி, எதிர்ப்பக்கம் போய், திரும்பவும் டிக்கெட் எடுத்து கீரனூர் வந்து சேர்வேன். ஒரே மாதத்தில் மூன்று முறை இப்படி. வெயில், வயசு, வயிறு முட்டச் சோறு என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் எட்டாம் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. யாரும் எழுந்து ஓடவில்லை, ஒரு பேனா கீழே விழவில்லை. முன் பெஞ்சுப் பெண் உதட்டில் விரல் வைத்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். மதியம் அறைக்குக் கூப்பிட்டு, "ஒடம்பப் பாருங்க டீச்சர். அடுத்த தடவை நான் மேலிடத்துக்கு எழுதி அனுப்புற மாதிரி ஆயிரும்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

திருச்சியில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் போனேன். சின்னப் பையன் மாதிரி இருந்தார், என் மாணவனாக இருந்திருக்கக்கூடிய வயசு. "நைட்டு குறட்டை வருமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதான்னு பக்கத்துல படுக்குறவங்க யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"பக்கத்துல யாரும் படுக்குறதில்ல டாக்டர்."

கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொல்லிவிட்டேன். அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். "எங்கயாச்சும் போய்த் தங்கியிருப்பீங்கள்ல? அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க" என்றார். நான் போய்த் தங்குகிற ஒரே வீடு தம்பி வீடுதான்.

அன்று சாயங்காலமே தம்பி மனைவிக்குப் போன் போட்டேன். "நான் குறட்டை விடுவேனா?" என்று கேட்டேன். குக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன் அண்ணி திடீர்னு?"

"விடுவேனா, மாட்டேனா?"

"கொஞ்சம் விடுவீங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"மாடியில படுத்திருக்குற ஒங்க தம்பிக்குக் கேக்குற அளவுக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் புத்தியில் உறைத்தது. "அதுக்காகத்தான் தனி ரூமா?"

"அப்புடியில்ல அண்ணி" என்று இழுத்தாள். பிறகு அவளே உடைத்தாள். "ஆரம்பத்துல நீங்களும் ஹால்லதான படுத்தீங்க. சின்னப்புள்ளைக பயந்து அழுதுச்சுக. ஒருத்தரும் தூங்கல. ஒங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது? கோவப்படுவீங்க. அதான் ரூம்புல படுக்க வச்சோம்."

"மூச்சு நிக்குமா? அதப் பாத்திருக்கியா?"

"கதவச் சாத்திட்டு வந்தப்புறம் யாரு அண்ணி பாத்தா?"

போனை வைத்தேன். அவமானமா, கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். இருபது திருவிழா! அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அவர்கள் என்னைத் தூக்கித் தலையில் வைத்திருக்கிறார்கள் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்று இரவு சாப்பிடப் பிடிக்காமல் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

டாக்டர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலேயே ஓர் இரவு படுத்துப் பார்த்தால் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும், கருவியை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனால் அதில் பாதி. வீடே போதும் என்றேன். மார்பில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு மெல்லிய குழாய். கொண்டுவந்து கொடுத்த ஆள், "வீட்டுல யாரையாச்சும் ஒட்டிவிடச் சொல்லுங்கம்மா" என்றார். சரி என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று நானே ஒட்டிக்கொண்டேன்.

மணிக்கு முப்பத்தெட்டு முறை மூச்சு நின்றிருக்கிறது. ஆறு மணி நேரத் தூக்கத்துக்கு இருநூற்று இருபத்தெட்டு. டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் மனசு பெருக்கிவிட்டது. பாழாய்ப்போன பழக்கம். ஒரே ராத்திரியில் அத்தனை முறை ஒருத்தி மூச்சுத் திணறிப் பிழைத்திருக்கிறாள், அவளுக்கே அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு ஆள் அந்த வீட்டில் கிடையாது. எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. ஒருநாள் மூச்சு நின்றது நின்றதுதான் என்றால், பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரவில்லை என்று யாராவது போன் போட்ட பிறகுதான் கதவை உடைப்பார்கள்.

"என்ன வழி?" என்று கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எடையைக் குறைக்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இதற்குக் காசில்லை, ஆனால் என் நிலைமைக்கு இது மட்டும் போதாது. கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளிப் பிடிக்கிற மாதிரி பல் டாக்டர் ஒரு சாதனம் செய்து தருவார், முப்பதாயிரம் பக்கம் ஆகும். நோய் லேசாக இருப்பவர்களுக்கு அது சரி. ஆபரேஷன் லட்சத்தைத் தாண்டும், செய்தாலும் சரியாகிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. காற்றை அழுத்தி மூக்குக்குள் அனுப்பும் மெஷின்தான் எனக்கு ஏற்றது. அது நாற்பதிலிருந்து அறுபதாயிரம், மாஸ்க் தனி. இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினேன். வீட்டுக்கு வாங்குகிற மெஷினுக்கு அதில் வராது என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். படுத்து ஊசி போட்டால்தான் நோய் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

மெஷின் விற்பவர்தான் நல்ல யோசனை சொன்னார். "எடுத்ததுமே வாங்காதீங்கம்மா. நெறையப் பேரு வாங்கிப் பரண்ல போட்டுர்றாங்க. மாஸ்க் மட்டும் சொந்தமா வாங்கிக்கங்க, மெஷின ஒரு மாசம் வாடகைக்கு எடுத்துப் பாருங்க." வாடகை நாலாயிரம். விற்க வந்தவர் வாங்காதே என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வாரம் நரகம். மூக்கில் யாரோ விடாமல் ஊதிக்கொண்டிருப்பது போல இருந்தது. பாதித் தூக்கத்தில் பிய்த்து எறிந்துவிடுவேன். காலையில் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், கன்னத்தில் பட்டையின் தடம் இருக்கும். ஒருநாள் ஆத்திரத்தில் மெஷினைப் பார்த்து, "ஒன்ன யாரு வரச் சொன்னா?" என்று கேட்டே விட்டேன். அந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசி எத்தனை நாளாயிற்று என்று அதன்பிறகுதான் யோசித்தேன். இரண்டாம் வாரத்தில் பழகிவிட்டது. சாயங்காலம் பஸ்ஸில் கண்ணைத் திறந்தபடி கீரனூர் வந்து இறங்கினேன். மாதக் கடைசியில் பி.எஃப்பில் கொஞ்சம் கடன் எடுத்து மெஷினை வாங்கிவிட்டேன்.

உடம்பு தேறியது. மனசில் மட்டும் அந்த அறை உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு இனிமேல் அது வேண்டாம். ஒரே ஒரு இரவாவது மறுபடியும் ஹாலில், அவர்கள் நடுவில் படுக்க வேண்டும். ஐம்பத்தாறு வயசில் இப்படி ஓர் ஆசையா என்று யாரும் சிரித்தாலும் சரி.

அடுத்த திருவிழாவுக்கு மெஷினைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். அறையில் வழக்கம்போல விரிப்பு மாற்றியிருந்தது. "நான் ஹால்ல படுக்குறேன்" என்றேன். தம்பி மனைவி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இத மாட்டுனா சத்தம் வராது" என்று சொல்லி மெஷினை எடுத்துக் காட்டினேன். அவள் தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை. சுவரோரம் பிளக் பாயின்ட் பக்கத்தில் எனக்குப் பாய் விரித்து, அடுத்த பாயில் அவளே படுத்துக்கொண்டாள். வேறு யாரும் அந்த இடத்துக்குப் போட்டி போடவில்லை.

விளக்கை அணைத்ததும் பேச்சு ஆரம்பித்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தால் காற்று புஸ்ஸென்று வாய் வழியாக வந்துவிடும், ஒரு வார்த்தை பேச முடியாது. ஐந்து நிமிஷம் பொறுத்தேன். பிறகு கழற்றி வைத்துவிட்டேன். எங்கள் தலைமையாசிரியை கூட்டத்தில் பேசுகிற மாதிரி பேசிக் காட்டினேன். "அண்ணிக்கு இதெல்லாம் வருமா!" என்று ஒருத்தி சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். இருட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு நானும் சிரித்தேன். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று மாஸ்க்கைக் கையிலேயே வைத்திருந்தேன்.

தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள்.

"அண்ணி! எந்திரிங்க மொதல்ல!" தம்பி மனைவி அவிழ்ந்த கொண்டையோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். "அறிவு இருக்கா ஒங்களுக்கு? இம்புட்டுக் காசு போட்டு வாங்கிட்டு, கழட்டிக் கையில வச்சுக்கிட்டா தூங்குவீங்க? சத்தம் சட்டுனு நின்னு போச்சு. மூச்சே வரல. எனக்கு உசுரே போயிருச்சு. மாட்டுங்க அத!"

என்னைப் பார்த்து அறிவு இருக்கா என்று கேட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மாஸ்க்கை எடுத்து மாட்டினேன். பின்னால் பட்டை முறுக்கிக்கொண்டிருந்தது, அவளே எட்டி இழுத்து நேராக்கினாள். இரண்டு நாளில் கீரனூர் வீட்டில் இதே மாஸ்க்கை நான் கழற்றினாலும் கேட்க ஆள் இருக்காது என்பது அப்போதே மனசில் ஓடியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அது கன்னத்தில் இறங்கி மாஸ்க் ஓரத்தை நனைத்ததில் காற்று கசிந்து சீறியது.

"இன்னொரு தரம் கழட்டுங்க பாப்போம், நேரா அந்த ரூம்புக்குத்தான் அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டு அவள் என் பக்கம் பார்த்தே படுத்தாள்.

பதில் சொல்ல வாயைத் திறக்க முடியாது. சரி என்று தலையை ஆட்டினேன்.