கண்மாய்க்குள் கிடந்த கொடிக்கால்

காசிமாயனுக்கு வெற்றிலைக் கொடிக்கால் வேலையைத் தவிர வேறு எதுவும் வராது. திருவாதவூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அவன் போட்ட கொடி இரண்டு தரமும் வேரழுகிச் செத்தது. மிஞ்சியது மானாவாரிக் காடுதான். அவன் பெண்டாட்டி அன்னக்கொடி ஆரப்பாளையத்தில் அண்ணன் வீட்டில் தங்கி மில் வேலைக்குப் போனாள். "கொடிக்கால் வச்சா ஆள் விடுங்க, வாரேன். இந்தக் காட்டுல கெடந்து வேகமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பிள்ளையும் இல்லை. ஒரு நாள் ஆக்கியதை மூன்று நாள் தின்றான் அவன்.

முப்பத்தாறில், தாது வருசத்தில், ஊர்ப்பாறை எழுத்தைப் படியெடுக்க மதராசிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஈரத்தாளைப் பாறையில் ஒட்டி, பிரஷால் அடித்து, மை ஒற்றி எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் சத்தமாக வாசித்தார். கோயிலுக்கு வெற்றிலை கொடுக்க ஒரு தோட்டம். கிழக்கே யானைப்பாறை, தெற்கே வாய்க்கால், மேற்கே பெருவழி. காசிமாயன் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டான். அரசர் காலத்தில் கொடி நின்ற மண் இன்றைக்கும் கொடியைக் கொல்லாது என்பது அவன் கணக்கு.

இப்போது ஓடும் வாய்க்காலுக்கு வடக்கே தோண்டிக்கொண்டே இருந்தான். எங்கே தோண்டினாலும் சரளைதான் வந்தது. ஆடு மேய்க்கும் ஆண்டிச்சாமி விடுவானா?

"என்ன மாப்ள, புதையலா? எனக்குப் பங்கு உண்டா?"

"வெத்திலை தாரேன், வாயை மூடு."

அடுத்த கோடையில்தான் அவனுக்கு உறைத்தது. தெற்கே பொட்டல் ஓரத்தில் கிழட்டு மருதமரங்கள் ஒரே வரிசையில் நின்றன. தண்ணீர் ஓடாத இடத்தில் மருதம் அப்படி வரிசை கட்டாது. பழைய வாய்க்கால் அதுதான். அதற்கு வடக்கே என்றால் கண்மாயின் உள்வாய், மழை பெய்தால் தண்ணீர் தேங்கி நிற்கும் தரை. கண்மாய் பிற்காலத்தில் வெட்டியது போலிருக்கிறது. காய்ந்து கிடந்த தரையைக் கொத்தினான். புட்டு மாதிரி உதிர்ந்தது கருவண்டல். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். கொடிக்காலுக்குள் செருப்போடு நுழையக் கூடாதல்லவா?

மறுநாளே ஆரப்பாளையம் போனான்.

"எடம் கெடச்சிருச்சு புள்ள."

"எங்க?"

"கம்மாய்க்குள்ள."

அன்னக்கொடி சிரித்தாள். "அங்க கொக்குதான் வெத்தில போடும்." பிறகு சோறு போட்டாள். அவன் கை கழுவும்போது, "தண்ணி வராத வருசமாப் பாத்துச் சொல்லிவிடுங்க, வாரேன்" என்றாள்.

திரும்பி வந்து, கொடி படர அங்கே அகத்தி விதைத்தான். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினான். ஆவணியிலும் மழை இல்லை. ஊரில் மழை வேண்டி மழைக்கஞ்சி காய்ச்ச வீடு வீடாகத் தானியம் கேட்டுப் போனோம். அவன் ஒரு படி கம்பு கொண்டுவந்து போட்டான்.

"நீயுமா போடுற?" என்றேன்.

"ஊரு குடிக்கணும்லடா."

ஐப்பசியில் கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் போனது. பெண்கள் குலவையிட்டார்கள். எல்லோரும் மடைப்பக்கம் கூடியிருக்க, அவன் மட்டும் கரையின் தென்கோடியில் நின்றான். தண்ணீருக்கு மேலே அகத்தி நுனி கொஞ்சம் தெரிந்தது. மறுநாள் அதுவும் தெரியவில்லை.